கோதுமையும் வாற்கோதுமையும்

போரில் வீரம் காட்டியவனுக்குப் பதக்கம் அளிப்பது எல்லா நாடுகளிலும் உள்ள வழக்கம். அதில் வியப்பொன்றும் இல்லை. ஆனால் போரே நடக்காத அமைதிக் காலத்தில், தன் உடலை நல்ல நிலையில் வைத்திருந்தான் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு வீரனுக்குப் பரிசு கொடுக்கலாமா? கொடுப்பதென்றால் எதை அளந்து கொடுப்பது? நெஞ்சின் அகலத்தையா, நடந்த தூரத்தையா, இழுத்த மூச்சையா? கொடுத்த பரிசைப் பிறகு திரும்ப வாங்க முடியுமா?

இவை இன்றைய கேள்விகள் போலத் தோன்றலாம். உண்மையில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் படைத்தலைவர்களையும் அரசர்களையும் ஞானிகளையும் குழப்பி வந்த கேள்விகள் இவை. இவற்றுக்கு விடை தேடிய கதையில்தான், மனித உடலின் திறனை அளக்கும் அறிவியலும் வளர்ந்தது. அந்தக் கதையை இங்கே சுருக்கமாகப் பார்ப்போம்.

தட்டில் தெரிந்த மதிப்பெண்

உரோமப் பேரரசின் பிற்காலத்தில் வாழ்ந்த வெஜீஷியஸ் என்பவர் போர்க்கலை பற்றி ஒரு நூல் எழுதினார். தமக்கு முற்பட்ட காலத்து உரோமப் படைகள் எப்படிப் பயிற்சி பெற்றன என்பதை அதில் விரித்துரைக்கிறார். ஆயுதப் பயிற்சி அளிக்கும் ஆசான்களுக்கு இரட்டைப் படி கிடைத்தது. பயிற்சியில் போதிய முன்னேற்றம் காட்டாத வீரனுக்கோ கோதுமை நிறுத்தப்பட்டு, அதற்குப் பதிலாக வாற்கோதுமை, அதாவது பார்லி, அளந்து போடப்பட்டது. மேலதிகாரிகளின் முன்னிலையில் தன் திறமையை மீண்டும் காட்டிய பிறகே அவன் தட்டில் கோதுமை ரொட்டி விழும்.

இன்று நாம் பார்லிக் கஞ்சியை உடலுக்கு நல்லது என்று விரும்பிக் குடிக்கிறோம். உரோம வீரனுக்கு அது கால்நடைத் தீவனத்துக்கு அடுத்த படி. பக்கத்தில் இருப்பவன் கோதுமை உண்ண, தான் மட்டும் பார்லி உண்பது எல்லோர் கண்ணிலும் படும் அவமானம். மதிப்பெண் பட்டியல் எழுதி ஒட்ட வேண்டிய தேவையே இல்லை. தட்டைப் பார்த்தாலே போதும்.

நடைப் பயிற்சிக்கும் ஓர் அளவு இருந்தது. கோடைக் காலத்தின் ஐந்து மணி நேரத்தில் இருபது உரோம மைல் நடக்க வேண்டும் என்கிறார் வெஜீஷியஸ். இதை நம் அளவைக்கு மாற்றிப் பார்ப்போம். ஓர் உரோம மைல் சுமார் 1.48 கிலோமீட்டர். ஆகவே தூரம் 29.6 கிலோமீட்டர். உரோமர்கள் பகல் பொழுதைப் பன்னிரண்டு சம பாகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு மணி என்றார்கள். உரோம் நகரில் நடுக்கோடையின் பகல் ஏறக்குறைய 15 மணி நேரம் நீளும். எனவே அவர்களது கோடை மணி ஒன்றுக்கு நம் கணக்கில் 75 நிமிடம். ஐந்து மணி என்பது ஆறேகால் மணி நேரம். வேகம் மணிக்கு 4.7 கிலோமீட்டர்.

இவ்வளவுதானா என்று நினைத்துவிட வேண்டாம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 60 உரோம இராத்தல் வரை சுமந்து நடக்கும் பழக்கம் வேண்டும் என்றும் அவர் எழுதியிருக்கிறார். அது நம் அளவில் சுமார் 20 கிலோகிராம். அந்தச் சுமையுடன் ஆறேகால் மணி நேரம் வேகம் குறையாமல் நடந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் கடுமை விளங்கும்.

சீன ஞானியின் கணக்கு

உரோமர்களுக்கும் முன்பே, சீனாவில் பல அரசுகள் ஒன்றோடொன்று ஓயாமல் பொருதிக்கொண்டிருந்த காலத்தில், வெய் என்ற அரசு ஒரு கடுமையான தேர்வை ஏற்படுத்தியிருந்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷுன்ஸி என்ற ஞானி அதை விவரித்திருக்கிறார். வீரன் மூவகைக் கவசம் அணிந்திருக்க வேண்டும். வலிய குறுக்குவில் ஒன்று, அம்புகள் ஐம்பது, தோளில் ஓர் ஈட்டி, தலைக்கவசம், இடையில் வாள், மூன்று நாள் உணவு இத்தனையும் சுமந்துகொண்டு நூறு லீ தொலைவை ஒரே பகலில் கடக்க வேண்டும். அக்காலத்து லீ ஏறத்தாழ 415 மீட்டர். ஆக மொத்தம் 41 கிலோமீட்டருக்கு மேல். இன்றைய மாரத்தான் ஓட்டத்தை ஒட்டிய தூரம்.

தேறியவனுக்குக் கிடைத்த பரிசு பெரிது. அவன் குடும்பத்துக்குக் கட்டாய உழைப்பிலிருந்து விலக்கு. நிலம், வீடு ஆகியவற்றிலும் சலுகை. உழவனின் மகனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் ஷுன்ஸி இதைப் பாராட்டவில்லை. அவர் போட்ட கணக்கு வேறு. சில ஆண்டுகளில் அந்த வீரனின் வலிமை குறைந்துவிடும். வலிமை குறைந்தது என்று சொல்லிக் கொடுத்த சலுகையைப் பறிக்க முடியாது. அவனுக்குப் பதிலாக வேறொருவனைத் தேர்ந்தெடுத்தால் அவனுக்கும் அதே சலுகையைத் தர வேண்டும். இப்படியே போனால் நாட்டின் பரப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வரி வருமானம் சுருங்கிக்கொண்டே போகும். இது நாட்டை ஆபத்தில் தள்ளும் படை என்று அவர் முடித்துவிட்டார்.

எவ்வளவு கூர்மையான கருத்து! உடல் வலிமை என்பது பெட்டியில் பூட்டி வைக்கும் பொன் அன்று. பயிற்சியை விட்டால் கரையும், வயது ஏற ஏறக் கரையும். கரையும் பொருளுக்குக் கரையாத பரிசு கொடுத்தால் கணக்கு உதைக்கும். இந்தக் கருத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். இதற்கான விடை இருபதாம் நூற்றாண்டுக்குப் பிறகுதான் வரப்போகிறது.

சட்டைக்குள் புகாத தோள்கள்

பல நூற்றாண்டுகளைத் தாண்டி 1860-ஆம் ஆண்டுக்கு வருவோம். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் ஆர்ச்சிபால்ட் மக்லாரன் என்பவர் ஓர் உடற்பயிற்சிக் கூடம் நடத்தி வந்தார். இராணுவத்தில் முறையான உடற்பயிற்சியைப் புகுத்த விரும்பிய பிரிட்டிஷ் அரசு, மேஜர் ஹாமர்ஸ்லி தலைமையில் பன்னிரண்டு கீழ்நிலை அதிகாரிகளை அவரிடம் அனுப்பியது. இவர்களே பின்னர் படை முழுவதுக்கும் ஆசான்களாக வேண்டும் என்பது திட்டம்.

மக்லாரன் வெறும் பயில்வான் அல்லர். அளவெடுப்பதில் ஆர்வம் கொண்டவர். பயிற்சி தொடங்குமுன் ஒவ்வொருவருடைய எடை, மார்பளவு, கைச்சுற்றளவு ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு, பின்னர் மீண்டும் அளந்து ஒப்பிட்டார். சில மாதங்களில் தோளும் மார்பும் பெருத்து, சிலரால் பிறர் உதவியின்றித் தம் பழைய சீருடைக்குள் நுழைய முடியவில்லை என்று அவர் எழுதியிருக்கிறார். வீரனின் உடலைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்து பார்க்கும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது.

ஆனால் தேர்ந்தெடுத்த பன்னிருவரை அளப்பது வேறு, ஒரு நாட்டின் இளைஞர்களையே அளப்பது வேறு. 1899-இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டபோது அந்த இரண்டாவது வாய்ப்பு வந்தது. மான்செஸ்டர் நகரில் படையில் சேர முன்வந்த 11,000 பேரில் 8,000 பேர் தகுதியற்றவர்கள் என்று திருப்பி அனுப்பப்பட்டதாக அக்காலத்தில் எழுதினார்கள். உலகின் பெரும் பகுதியை ஆண்ட நாட்டின் தொழில் நகரத்தில் இந்த நிலை! செய்தி பெரும் அதிர்ச்சியை உண்டாக்கியது. உடல்நலச் சீர்கேட்டை ஆராய அமைக்கப்பட்ட குழு 1904-இல் அறிக்கை அளித்தது. மக்களின் பரம்பரையே தேய்ந்துவிட்டது என்ற பேச்சை அக்குழு ஏற்கவில்லை. வறுமை, அரைகுறை உணவு, நெரிசலான வீடு, கவனிப்பற்ற குழந்தைப் பருவம் ஆகியவற்றையே அது சுட்டிக்காட்டியது. அதைத் தொடர்ந்து 1906-இல் பள்ளிக் குழந்தைகளுக்கு உணவளிக்க வழிசெய்யும் சட்டமும், 1907-இல் பள்ளிகளில் மருத்துவப் பரிசோதனைக்கான சட்டமும் வந்தன.

ஆக, வீரனின் உடலை அளக்கப் போனவர்கள் பள்ளிக் குழந்தையின் தட்டில் வந்து நின்றார்கள். உரோமர்கள் தேறாதவனுக்கு நல்ல உணவை நிறுத்தினார்கள். நல்ல உணவு இல்லாததால்தான் அவன் தேறவில்லை என்று இங்கிலாந்து கண்டுகொண்டது.

குடியரசுத் தலைவரின் ஐம்பது மைல்

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடோர் ரூஸ்வெல்ட் உடற்பயிற்சியில் பெரும் பற்றுக்கொண்டவர். மேசைக்குப் பின்னால் அமர்ந்து பருத்துக்கொண்டிருந்த படையதிகாரிகளைக் கண்டு அவருக்குப் பொறுக்கவில்லை. 1908-ஆம் ஆண்டின் இறுதியில் கடற்படை சார்ந்த அதிகாரிகளுக்கு ஓர் ஆணை பிறந்தது. மூன்று நாட்களில், மொத்தம் இருபது மணி நேரத்துக்குள், ஐம்பது மைல் நடந்து காட்ட வேண்டும். தரைப்படை அதிகாரிகளுக்குக் குதிரைச் சவாரிச் சோதனை. நாளொன்றுக்கு முப்பது மைலாக மூன்று நாள்.

முணுமுணுப்பு எழுந்தது. ரூஸ்வெல்ட் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. 1909 ஜனவரி 13 அன்று, தமது ஐம்பதாவது வயதில், வாஷிங்டனிலிருந்து வாரன்டன் என்ற ஊருக்குக் குதிரையில் போய், கொட்டும் பனிமழையில் அன்றிரவே திரும்பினார். ஏறத்தாழ நூறு மைல் பயணம் அது! அதிகாரிகளுக்கு மூன்று நாள் வேலையாக வைத்ததை அவர் ஒரே நாளில் முடித்துவிட்டார். அதன்பின் முணுமுணுப்பு அடங்கியதைச் சொல்லவும் வேண்டுமா?

இந்த ஆணை 1963-இல் மீண்டும் உயிர்பெற்றது. குடியரசுத் தலைவர் கென்னடி பழைய கோப்பிலிருந்து அதை எடுத்துக் காட்டி, இன்றைய அதிகாரிகளால் இது முடியுமா என்று கேட்டார். அவருடைய தம்பி ராபர்ட் கென்னடி, படைவீரர் அல்லாதபோதிலும், அவ்வாண்டு பிப்ரவரிக் குளிரில் சாதாரணத் தோல் காலணியுடன் ஐம்பது மைலையும் நடந்து முடித்தார். பொதுமக்களும் பள்ளி மாணவர்களும் அதே தூரத்தை நடக்கக் கிளம்பிவிட்டார்கள்.

ஆனால் ஓர் இயற்பியல் ஆசிரியனின் கண்ணோடு பார்த்தால் இந்தச் சோதனையில் ஒரு குறை உண்டு. ஒருவர் நடந்து முடித்தார், மற்றவர் முடிக்கவில்லை. அவ்வளவுதான் தெரியும். உள்ளே இதயம், நுரையீரல், தசை ஆகியவை எப்படி வேலை செய்தன என்று தெரியாது. எஞ்சின் எவ்வளவு எரிபொருளைக் குடித்து எவ்வளவு திறனைத் தந்தது என்று கேட்டால் பதில் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் இராணுவத்துக்கு வெளியே இருந்தார்கள்.

மூச்சை அளந்தவர்கள்

தசைகள் உண்டாக்கும் வெப்பத்தை ஆராய்ந்து 1922-ஆம் ஆண்டுக்கான நோபெல் பரிசு பெற்ற ஏ. வி. ஹில், ஓடும் மனிதனின் மூச்சை அளக்கத் தொடங்கினார். ஓடுபவரின் முதுகில் ஒரு பையைக் கட்டி, அவர் வெளிவிடும் காற்றை அதில் சேகரித்து, அதில் ஆக்சிஜன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பகுத்துப் பார்த்தார். தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டு புல்வெளியைச் சுற்றிச் சுற்றி ஓடினார். வேகம் கூடக்கூட உடல் ஏற்கும் ஆக்சிஜனும் கூடியது. ஆனால் ஓர் எல்லை வந்ததும் நின்றுவிட்டது. ஹில்லின் உடலில் அந்த எல்லை நிமிடத்துக்குச் சுமார் நான்கு லிட்டர். அதற்குமேல் எவ்வளவு விரைந்தாலும் ஆக்சிஜன் ஏற்பு உயரவில்லை.

இந்த உச்ச அளவே ஒருவருடைய நீடித்து உழைக்கும் ஆற்றலின் அளவுகோல் ஆயிற்று. ஒரு லிட்டர் ஆக்சிஜன் உடலில் பயன்படும்போது ஏறத்தாழ 20 கிலோ ஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. ஆகவே ஆக்சிஜனை அளந்தால் உடல் என்ற எஞ்சினின் திறனையே அளந்ததாகும்.

ஆனால் ஆயிரக்கணக்கான வீரர்களின் முதுகில் பை கட்டி அளக்க முடியுமா? இரண்டாம் உலகப் போரின்போது இந்தச் சிக்கல் எழுந்தது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1927 முதல் இயங்கி வந்த களைப்பு ஆய்வுக்கூடத்தில் லூசியன் புரூஹாவும் உடன் பணியாற்றியவர்களும் எளிய வழி ஒன்றைக் கண்டார்கள். 1943-இல் வெளிவந்த அந்தச் சோதனைக்குத் தேவை 20 அங்குல உயரமுள்ள ஒரு மேடையும் ஒரு கடிகாரமும் மட்டுமே. நிமிடத்துக்கு 30 முறை வீதம் ஐந்து நிமிடம் மேடைமீது ஏறி இறங்க வேண்டும். பிறகு உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்து அரை நிமிட நேரம் நாடித்துடிப்பை எண்ண வேண்டும். இரண்டாவது, மூன்றாவது நிமிடங்கள் கழிந்ததும் அவ்வாறே எண்ண வேண்டும்.

ஏறி இறங்கிய நேரத்தை நொடியில் எழுதி நூறால் பெருக்கி, மூன்று துடிப்பு எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகையைப் போல் இரு மடங்கால் வகுத்தால் கிடைப்பது தகுதி எண். ஒருவர் 300 நொடியும் ஏறி இறங்கினார், துடிப்புகள் 70, 60, 50 என்று கொள்வோம். கூட்டுத்தொகை 180. தகுதி எண் 83. இது 90-ஐத் தாண்டினால் மிகச் சிறப்பு, 80-க்கு மேல் நன்று, 55-க்குக் கீழ் எனில் குறைவு.

இதில் உள்ள இயற்பியலையும் பார்த்துவிடுவோம். 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் 0.508 மீட்டர் உயரம் ஒரு முறை ஏறினால் செய்யும் வேலை 60 × 9.8 × 0.508, அதாவது சுமார் 299 ஜூல். இரண்டு நொடிக்கு ஒரு முறை ஏறுவதால் திறன் ஏறத்தாழ 150 வாட். தசையின் பயனுறுதிறன் கால் பங்கு அளவே என்பதால், உள்ளே சுமார் 600 வாட் செலவாகிறது. உடல் வலுவானதா என்பதை அந்த உழைப்பின்போது பார்ப்பதைவிட, உழைப்பு முடிந்தபின் இதயம் எவ்வளவு விரைவில் அமைதி அடைகிறது என்பதில் பார்ப்பதே இந்தச் சோதனையின் நுட்பம். இதைச் செய்து பார்க்க விரும்பும் மாணவர்கள் உடற்கல்வி ஆசிரியர் முன்னிலையில் செய்வது நல்லது. இதயக் கோளாறோ மூச்சுத் தொல்லையோ உள்ளவர்கள் முயல வேண்டாம்.

பன்னிரண்டு நிமிடங்கள்

1968-இல் கென்னத் கூப்பர் என்ற அமெரிக்க விமானப்படை மருத்துவர் இதைவிட எளிய ஒன்றைச் சொன்னார். மேடை வேண்டாம், நாடி பிடிக்க வேண்டாம். பன்னிரண்டு நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் ஓடுகிறார் என்று பாருங்கள், அது போதும்!

விமானப்படையைச் சேர்ந்த 115 பேரை ஓடவிட்டு, பின்னர் ஆய்வுக்கூடத்தில் அவர்களுடைய உச்ச ஆக்சிஜன் ஏற்பையும் அளந்து, இரண்டையும் அவர் ஒப்பிட்டார். இரண்டுக்கும் இருந்த ஒட்டுறவுக் கெழு 0.897. முழுப் பொருத்தம் என்றால் 1 வர வேண்டும் என்பதை நினைத்தால் இது மிக நெருக்கமான உறவு. மீட்டரில் ஓடிய தூரத்திலிருந்து 504.9-ஐக் கழித்து 44.73-ஆல் வகுத்தால், ஒரு கிலோகிராம் உடல் நிறைக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜன் என்பது கிடைக்கும்.

2400 மீட்டர் ஓடியவருக்கு இது 42.4 ஆகிறது. அவர் 60 கிலோகிராம் இருந்தால் நிமிடத்துக்குச் சுமார் இரண்டரை லிட்டர் ஆக்சிஜன். வெளிப்படும் ஆற்றல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 கிலோ ஜூல். அறுபதால் வகுத்தால் திறன் 800 வாட்டுக்குச் சற்று மேல். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட் என்று நாம் படித்திருக்கிறோம். ஓடும் இளைஞனுக்குள் ஒரு குதிரைத்திறனுக்கும் அதிகமான ஆற்றல் எரிந்துகொண்டிருக்கிறது!

பல படைகள் இதைத் தழுவிக்கொண்டன. பின்லாந்தில் படைப் பயிற்சிக்கு வரும் இளைஞர்கள் கூப்பர் சோதனையை அந்தப் பெயராலேயே அறிவார்கள். நேரத்தை நிலையாக வைத்துத் தூரத்தை அளப்பதற்குப் பதிலாக, ஒன்றரை மைல் தூரத்தை நிலையாக வைத்து நேரத்தை அளக்கும் முறையும் பரவியது. ஒன்றரை மைல் என்பது 2.4 கிலோமீட்டர். இந்த எண்ணை மீண்டும் சந்திப்போம்.

பதக்கமும் பணமும்

அளக்க ஒரு கோல் கிடைத்ததும் பரிசுகள் பெருகின. அளவுகோல் செம்மையாவதற்கு முன்பே தொடங்கிய சில பரிசுகளும் உண்டு. நெதர்லாந்தில் 1909-இல் தொடங்கிய நான்கு நாள் நடைப்பயணத்தில், படைவீரர்கள் பத்துக் கிலோகிராம் சுமையுடன் நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் நடந்து ஒரு சிலுவைப் பதக்கம் பெறுகிறார்கள். சோவியத் ஒன்றியத்தில் 1931-இல் உழைப்புக்கும் பாதுகாப்புக்கும் ஆயத்தம் என்ற பெயரில் மக்கள் அனைவருக்குமான சோதனைகளும் சட்டைப் பதக்கமும் ஏற்படுத்தப்பட்டன. அமெரிக்கத் தரைப்படை 1980 முதல் தண்டால், படுத்தெழுதல், இரண்டு மைல் ஓட்டம் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 300 புள்ளிகள் என்ற முறையைக் கையாண்டது. மிக உயர்ந்த புள்ளிகள் பெற்றவர்கள் சீருடையில் அணிந்துகொள்ள 1986-இல் தனிச் சின்னம் வந்தது.

பரிசைப் பணமாகவே தந்த நாடு சிங்கப்பூர். 1965-இல் தனி நாடான சிங்கப்பூர், 1967-இல் இளைஞர்களுக்குத் தேசிய சேவையைக் கட்டாயமாக்கியது. அங்கு வாழும் தமிழ் இளைஞர்களும் சீன, மலாய் நண்பர்களோடு தோளுரசி அந்தச் சேவையைச் செய்கிறார்கள். முழுநேரச் சேவை முடிந்து வேலைக்குப் போன பின்னும் பல ஆண்டுகள் அவர்கள் சேமப்படையில் இருக்க வேண்டும். அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் முப்பது வயதுக்காரரின் உடலைக் கட்டுக்குள் வைப்பது எப்படி? ஆண்டுதோறும் ஓர் உடற்தகுதிச் சோதனை வைத்தார்கள்.

முன்பு ஐந்து பகுதிகளாக இருந்த அந்தச் சோதனை 2015-இல் மூன்றாகக் குறைக்கப்பட்டது. ஒரு நிமிடத்தில் எத்தனை தண்டால், ஒரு நிமிடத்தில் எத்தனை முறை படுத்தெழுதல், 2.4 கிலோமீட்டரை எத்தனை நேரத்தில் ஓடுகிறார் என்ற மூன்று மட்டும். கூப்பரின் ஒன்றரை மைலேதான்! முதலிரண்டுக்கும் தலா 25 புள்ளிகள், ஓட்டத்துக்கு 50. வயதுக்கேற்ப அட்டவணை மாறும். சேமப்படையினர் 85 புள்ளி பெற்றால் தங்கத் தரம், 500 வெள்ளி. 75 பெற்றால் வெள்ளித் தரம், 300 வெள்ளி. 61 பெற்றால் 200 வெள்ளி. தேறாதவர்கள் கூடுதல் பயிற்சிக்கு வர வேண்டும். உரோமர்களின் கோதுமையும் வாற்கோதுமையும் வேறு உருவில் வந்துவிட்டன.

இப்போது ஷுன்ஸியை நினைத்துக்கொள்ளுங்கள். சலுகையைப் பறிக்க முடியாது என்பதுதானே அவர் கண்ட சிக்கல்? சிங்கப்பூரின் பரிசு ஓராண்டுக்கு மட்டும். அடுத்த ஆண்டு மீண்டும் ஓடிக் காட்டினால்தான் மீண்டும் பரிசு. கரையும் பொருளுக்குக் கரையும் பரிசு.

கோலின் கோணல்கள்

அப்படியானால் எல்லாம் தீர்ந்துவிட்டதா? இல்லை. அளவுகோலிலேயே சில கோணல்கள் உண்டு.

முதலாவது, உருவம். கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் விளக்கிய ஓர் உண்மை இங்கே வேலை செய்கிறது. ஓர் உடல் எல்லாத் திசையிலும் பத்தில் ஒரு பங்கு பெரிதானால், தசையின் குறுக்குப் பரப்பு 1.21 மடங்காகும். ஆனால் நிறை 1.33 மடங்காகிவிடும். தசையின் விசை குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. எனவே தன் உடலையே தூக்கும் தண்டால் போன்ற சோதனைகளில் சிறிய உடலினருக்கு இயல்பாகவே சாதகம் உண்டு. போர்க்களத்திலோ வீரன் தன் உடலை மட்டும் சுமப்பதில்லை. 30 கிலோகிராம் மூட்டை, 55 கிலோகிராம் உடலுக்கு அதன் எடையில் பாதிக்கும் மேல். 80 கிலோகிராம் உடலுக்கு மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டிய அளவே. ஓட்டத்தில் முதலாக வருபவர் மூட்டை தூக்குவதில் பின்தங்கலாம். அமெரிக்கத் தரைப்படை பழைய மூன்று பகுதிச் சோதனையைக் கைவிட்டு, பளு தூக்குதல், சுமையை இழுத்துக்கொண்டு ஓடுதல் ஆகியவற்றை அண்மைக் காலத்தில் சேர்த்ததற்கு இதுபோன்ற எண்ணங்களே காரணம்.

இரண்டாவது, அளப்பதற்கேற்ப ஆள் மாறிவிடுவது. ஓட்டத்துக்குப் புள்ளி என்றால் ஓட்டம் மட்டுமே பயிற்சியாகிறது. ஓட்டத் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஓர் எல்லைக்குமேல் தகுதி அவ்வளவாக உயராமல் காலில் காயங்களே பெருகுகின்றன என்று அமெரிக்கப் படைப் பயிற்சி முகாம்களில் நடந்த ஆய்வுகள் காட்டின. எடை பார்க்கும் நாளுக்குச் சில நாள் முன்பு பட்டினி கிடந்து எடையைக் குறைப்பவர்களும் உண்டு. தேர்வுக்கு முதல் நாள் இரவு மட்டும் கண்விழித்துப் படிக்கும் மாணவர்களை அறிந்த எனக்கு இதில் வியப்பில்லை.

மூன்றாவதுதான் மிக ஆழமானது. 1999-இல் வெளியான ஓர் ஆய்வில் 98 குடும்பங்களைச் சேர்ந்த 481 பேருக்கு 20 வாரம் ஒரே விதமான பயிற்சி அளித்தார்கள். உச்ச ஆக்சிஜன் ஏற்பு சராசரியாக நிமிடத்துக்கு 400 மில்லிலிட்டர் உயர்ந்தது. ஆனால் சிலருக்கு ஏறக்குறைய ஒன்றுமே உயரவில்லை. சிலருக்கோ ஒரு லிட்டரையும் தாண்டியது. ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் ஒத்த பலனைக் காட்டினார்கள். அதாவது பயிற்சியால் பயன்பெறும் தன்மையிலும் பிறப்புக்குப் பங்கு உண்டு.

அப்படியானால் தங்கத் தரம் பெறும் இருவரில் ஒருவர் வியர்வைக்குப் பரிசு பெறுகிறார், மற்றவர் தம் தாய் தந்தையருக்கான பரிசைத் தாம் வாங்கிக்கொள்கிறார். தேறாதவர்களில் ஒருவர் சோம்பேறியாக இருக்கலாம், மற்றவர் எல்லோரையும்விட அதிகம் உழைத்தவராக இருக்கலாம். நிறுத்துக் கடிகாரத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது.

இதற்காகச் சோதனையே வேண்டாம் என்பது சரியாகாது. காயம்பட்ட தோழனைத் தோளில் சுமந்து ஓட வேண்டிய நேரத்தில், நான் முயன்றேன் என்ற சொல் அவனைக் காப்பாற்றாது. அங்கே வேண்டியது திறன். ஆகவே குறைந்தபட்சத் தகுதியை எல்லோருக்கும் பொதுவாக வைத்தே ஆக வேண்டும். ஆனால் பரிசு என்பது வேறு. அதன் நோக்கம் ஊக்கம் தருவது. சென்ற ஆண்டு 40 புள்ளி வாங்கியவர் இந்த ஆண்டு 60 வாங்கினால், எப்போதும் 85 வாங்குபவரைவிட அவரிடம் நடந்திருக்கும் மாற்றம் பெரிது. தகுதியை அளப்பதற்கு ஒரு கோலும், முன்னேற்றத்தைப் பாராட்டுவதற்கு மற்றொரு கோலும் இருப்பதே நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கல்லூரி மைதானத்தில் விடியற்காலையில் இளைஞர்கள் சிலர் ஓடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். படையில் ஆள் சேர்க்கும் முகாமுக்கு ஆயத்தம் செய்பவர்கள். பலர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். சிலருக்குக் காலணிகூட இல்லை. 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தில் சில நொடி முந்தினால் ஒரு வாழ்க்கை, பிந்தினால் வேறொரு வாழ்க்கை. ஒரு நாள் என் வகுப்பு மாணவன் ஒருவன் ஓடி முடித்து மூச்சு வாங்க வந்து நின்று, நேரத்தைக் குறைக்க இன்னும் என்ன செய்யலாம் ஐயா என்று கேட்டான். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, பதில் சொல்லாமல் மறுபடியும் ஓடப் போய்விட்டான்.

வாற்கோதுமை தந்து வீரனைத் திருத்த நினைத்தார்கள் உரோமர்கள். முதலில் கோதுமை கொடுத்துவிட்டு அப்புறம் ஓடச் சொல்லுங்கள் என்றது 1904-ஆம் ஆண்டு அறிக்கை. நிறுத்துக் கடிகாரத்தைக் கையில் எடுக்கும் எவரும் இந்த இரண்டாவது பாடத்தை மறந்துவிடக் கூடாது.